ஸ்டார் டிரெக்: 176 எபிசோடையும் பார்க்கலாமா, பொறுக்கி எடுத்த 70 போதுமா?

மகிழ்அம்மா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளும் ஸ்டார் டிரெக் விண்வெளித் தொடர்களில் ஒன்றான 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' ஏழு சீசனையும் போன வாரம் முடித்தோம். மொத்தம் 178 எபிசோட். இரவு சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்த பிறகு ஒன்று, அவ்வளவுதான். பரீட்சை நேரத்தில் அதுவும் கிடையாது. கிட்டத்தட்ட பதினோரு மாதம் ஆகிவிட்டது. அடுத்து 'டீப் ஸ்பேஸ் நைன்' ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறோம். அது 176.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் ஸ்டார் டிரெக்கைக் கரைத்துக் குடித்தவர். விஷயம் தெரிந்ததும் எனக்கு ஒரு எக்செல் ஷீட் அனுப்பினார். பச்சை என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும், மஞ்சள் என்றால் நேரம் இருந்தால் பார்க்கலாம், சிவப்பு என்றால் தொடவே வேண்டாம். எண்ணிப் பார்த்தேன், பச்சை 70தான். முதல் சீசனில் மூன்றே மூன்று. அந்தக் காலத்தில் வருஷத்துக்கு 26 எபிசோட் எடுத்தே ஆக வேண்டும், அதனால் பாதிக்கு மேல் ஒப்பேற்றியிருப்பார்கள், இப்போது பத்து மட்டும் எடுக்கிறார்கள், அதனால் தரமாக வருகிறது என்கிறார்.

அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியவில்லை. இரண்டாவது சீசன் கடைசியில் 'ஷேட்ஸ் ஆஃப் கிரே' என்று ஒன்று வந்தது. கப்பலின் துணைக் கேப்டன் ரைக்கர் மயங்கிப் படுத்திருக்கிறார், பழைய எபிசோட்களின் துண்டுகளையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். மகள் பாதியில் தூங்கிவிட்டாள். முதல் சீசன் 'கோட் ஆஃப் ஆனர்' பார்த்தபோது நடுவில் நிறுத்தி, கறுப்பின மக்களை இப்படிக் காட்டியது ஏன் தப்பு என்று அவளுக்கு விளக்க வேண்டியிருந்தது. ஏழாவது சீசனில் மெழுகுவத்திக்குள் குடியிருக்கும் ஆவி ஒன்று டாக்டர் க்ரஷரைக் காதலிக்கும் கதை வேறு. அதைப் பாதியோடு நானே அணைத்துவிட்டேன்.

ஆனால் மனதை உறுத்தும் ஒன்று இருக்கிறது. ஐந்தாவது சீசனில் 'தி இன்னர் லைட்' பார்த்திருப்பீர்கள். கப்பலில் 25 நிமிஷம் மயங்கிக் கிடக்கும் கேப்டன் பிக்கார்ட், வேறொரு உலகத்தில் ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்து கிழவராகி, பேரனைப் பார்த்துவிட்டுக் கண் விழிப்பார். அந்த உலகம் அழிந்து ஆயிரம் வருஷம் ஆகியிருக்கும். அங்கே அவர் வாசித்த புல்லாங்குழல் மட்டும் ஒரு பெட்டியில் வந்து சேரும். அன்று நாங்கள் இருவரும் ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அந்த எபிசோடுக்கு 1993இல் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது கிடைத்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது.

அதிலிருந்து இருபது எபிசோட் தள்ளி, ஆறாவது சீசனில் 'லெஸன்ஸ்' வருகிறது. கப்பலுக்குப் புதிதாக ஒரு பெண் விஞ்ஞானி வருகிறார். நல்ல எதிரொலி கிடைக்கும் இடம் என்று இயந்திரக் குழாய்ப் பாதை ஒன்றுக்குள் பிக்கார்டைத் தவழ்ந்து வரச் செய்கிறார். பாய் மாதிரிச் சுருட்டி வைத்திருக்கும் கீபோர்டை அவர் விரிக்க, பிக்கார்ட் குழலை எடுக்கிறார். அந்தக் குழல் திரையில் வந்ததும் என் மகள் எழுந்து நின்றுவிட்டாள். "அம்மா, அவர் அதை இன்னும் வச்சிருக்கார்!" என்று கத்தினாள்.

நாங்கள் முடித்த தொடருக்கும் நண்பர் ஒரு ஷீட் வைத்திருந்தார். அதில் 'லெஸன்ஸ்' சிவப்பு.

அதனால் கேட்கிறேன். ஷீட்டை நம்பிப் போகலாமா? எண்ணிக்கை கூடினால் தரம் குறையத்தான் செய்யுமா?

---

விண்மீன்_வேலன்:

அக்கா, ஷீட்டை நம்புங்கள். நான் நான்கு தொடரையும் ஒன்று விடாமல் பார்த்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 178, 'டீப் ஸ்பேஸ் நைன்' 176, 'வாயேஜர்' 172, 'என்டர்பிரைஸ்' 98. கூட்டினால் 624. 1987இல் தொடங்கி 2005 வரை இடைவெளியே இல்லாமல் 18 வருஷம். அதிலும் 1993இலிருந்து 1999 வரை பெரும்பாலும் இரண்டு தொடர்கள் ஒரே சமயத்தில் ஓடின. வருஷத்துக்கு ஐம்பது மணி நேரக் கதை. நடுநடுவே சினிமாவும் எடுத்தார்கள். மேற்பார்வை எல்லாவற்றுக்கும் தயாரிப்பாளர் ரிக் பெர்மன்தான். எந்தக் கிணறும் இந்த இறைப்பைத் தாங்காது.

'வாயேஜர்' எனக்கு மிகவும் வேண்டிய தொடர், அதனால்தான் கோபமும் அதன் மேல்தான். கப்பல் 70,000 ஒளியாண்டு தள்ளிப் போய் விழுகிறது. வீடு திரும்ப 75 வருஷம் ஆகும். டார்பிடோ 38தான் இருக்கிறது, தீர்ந்தால் புதிது செய்ய வழியில்லை என்று முதல் சீசனிலேயே சொல்கிறார்கள். எவ்வளவு அருமையான ஆரம்பம்! ஒவ்வொரு டார்பிடோவுக்கும் நெஞ்சு பதற வேண்டாமா? ஆனால் அடி வாங்கிய கப்பல் அடுத்த வாரம் பளபளவென்று நிற்கும். 38ஐத் தாண்டியும் சுட்டுக்கொண்டே இருப்பார்கள், ரசிகர்கள் உட்கார்ந்து எண்ணியே பார்த்துவிட்டார்கள். 'இயர் ஆஃப் ஹெல்' இரண்டு பாகத்தில் கப்பல் துண்டு துண்டாக உடைகிறது, கேப்டன் ஜேன்வேயின் முகத்தில் தழும்பு விழுகிறது. கடைசி நிமிஷத்தில் காலம் பின்னால் போய், எதுவுமே நடக்கவில்லை என்று ஆகிவிடுகிறது. வாரா வாரம் ஒன்று தர வேண்டும், எந்த வாரம் புதிதாக ஒருவர் பார்க்க வந்தாலும் புரிய வேண்டும். அதற்காக நடந்ததை எல்லாம் அழித்துக்கொண்டே போனார்கள். எண்ணிக்கை செய்த கொலை இது.

'த்ரெஷோல்ட்' பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மிதமிஞ்சிய வேகத்தில் போய்க் கேப்டனும் பைலட்டும் பல்லி மாதிரி ஜந்துக்களாகி, சேற்றில் குட்டியும் போட்டுவிடுவார்கள். ஒப்பனைக்காக அதற்கு எம்மி விருது கிடைத்தது. கலைஞர்கள் தங்கள் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால்தான் வருத்தம் அதிகமாகிறது.

2005இல் 'என்டர்பிரைஸ்' முடிந்தது. அதன் கடைசி எபிசோடே அந்தக் கப்பல்காரர்களுடையது இல்லை. பழைய தொடரின் ரைக்கர் வந்து ஹோலோடெக் என்ற மாயக்காட்சி அறையில் வேடிக்கை பார்ப்பதாக எடுத்தார்கள். நான்கு வருஷம் உழைத்தவர்களுக்கு விடைபெறக்கூட இடம் தரவில்லை. அதன் பிறகு 2017 வரை டிவியில் புது ஸ்டார் டிரெக் கிடையாது. கணக்கில்லாமல் கொடுத்துப் பார்க்கிறவர்களை அலுக்க வைத்ததால் வந்த பஞ்சம் அது.

குழந்தையோடு பார்க்கிறீர்கள். நல்லதை மட்டும் கொடுங்கள்.

---

ஸ்காபரோ சிவம்:

தங்கச்சி, ஷீட்டைத் திறக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். வேலன் தம்பி சொன்ன 'வாயேஜர்' கதை முழுக்க உண்மை, எனக்கும் அதே மனக்குறைதான். ஆனால் பழியை எண்ணிக்கை மேல் போடுவது சரியில்லை.

1966இல் வந்த முதல் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சீசனில் 29, இரண்டாவதில் 26, மூன்றாவதில் 24. வருஷத்துக்கு வருஷம் எண்ணிக்கை குறைந்தது. தரமும் கூடவே குறைந்தது. மூன்றாவதுதான் மூன்றிலும் மோசம் என்று அந்தத் தொடரை நேசிக்கிறவர்களே ஒத்துக்கொள்வார்கள். ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்து அந்த சீசனை வாங்கினார்கள். என்பிசி சேனல் அதைத் தூக்கி வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குப் போட்டது. இளவட்டங்கள் வீட்டிலேயே இல்லாத நேரம். காசையும் குறைத்தார்கள். தொடரை உருவாக்கிய ராடன்பெரி அன்றாட வேலையிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். காசும் அக்கறையும் போன பிறகு 24 எடுத்தால் என்ன, 10 எடுத்தால் என்ன?

உங்கள் மகள் தூங்கிப்போன 'ஷேட்ஸ் ஆஃப் கிரே' வந்த சீசனில் 22தான். 1988இல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் வந்த குறை அது. ஏழு சீசனில் ஆகக் குறைந்த எண்ணிக்கை அதில்தான், ஆக மோசமான முடிவும் அதில்தான். அதே 22க்குள்தான் 'தி மெஷர் ஆஃப் எ மேன்' இருக்கிறது. டேட்டா என்ற இயந்திர மனிதன் ஒரு பொருளா, உரிமையுள்ள ஆளா என்று நடக்கும் வழக்கு. எழுதிய மெலிண்டா ஸ்னாட்கிராஸ் முன்பு வழக்கறிஞராக இருந்தவர். யாரும் கேட்காமல் தானாக எழுதி அனுப்பிய கதை அது.

தானாக எழுதி அனுப்பிய கதை என்பதைக் கவனியுங்கள். மூன்றாவது சீசனில் மைக்கேல் பில்லர் கதைப் பொறுப்புக்கு வந்தார். 26 எபிசோடுக்குக் கதை வேண்டும், கையில் சரக்கு இல்லை. வெளியாட்கள் யார் எழுதி அனுப்பினாலும் படிப்போம் என்று கதவைத் திறந்துவிட்டார். ரொனால்ட் மூர் அந்தக் கதவால் உள்ளே வந்தவர். செட்டைச் சுற்றிப் பார்க்க வந்த ரசிகர் அவர், கையில் ஒரு ஸ்கிரிப்ட் கொண்டு வந்தார். ரெனே எச்செவரியாவும் அப்படித்தான். 'தி ஆஃப்ஸ்ப்ரிங்', டேட்டா ஒரு மகளை உருவாக்கும் எபிசோட், உங்கள் மகளுக்குப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன், அது அவர் அனுப்பியது. வருஷத்துக்குப் பத்துதான் என்றால் அந்தப் பத்தையும் உள்ளே இருக்கிறவர்களே எழுதி முடித்துவிடுவார்கள். முன்பின் தெரியாத ஒருவருக்கு அங்கே இடம் ஏது?

சரி, இனி என் கதை.

நான் 1989இல் கனடா வந்தேன். 1993இல் ஸ்காபரோவில் நான்கு பேர் ஒரு அப்பார்ட்மெண்டில் இருந்தோம். எனக்கு பேக்கரி ஒன்றில் இரவு வேலை. 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடங்கியபோது அறை நண்பன் விசிஆரில் பிடித்து வைப்பான், காலையில் வந்து பார்ப்பேன். ஆறு மணி நேர டேப்பில், விளம்பரம் வரும்போது நிறுத்தி நிறுத்திப் பிடித்தால் ஏழு எபிசோட் அடங்கும். டேப்பின் முதுகில் ஒட்டிய தாளில் பெயர்களை எழுதி, பிடித்ததற்குப் பக்கத்தில் நட்சத்திரம் போடுவேன். கையில் காசு இல்லாத காலம். நட்சத்திரம் இல்லாததன் மேல் அடுத்ததைப் பதிவு செய்வோம். உங்கள் நண்பரின் ஷீட்டை நான் அன்றே என் கையால் எழுதி வைத்திருந்தேன், தங்கச்சி. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த முதல் சீசனில் 'ப்ராக்ரஸ்' என்று ஒன்று. ஷீட்டில் அது சிவப்பாகத்தான் இருக்கும். கதையைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது, மன்னிக்க வேண்டும். பஜோர் கிரகத்து மக்களுக்குக் குளிர்காலத்தில் வெப்பம் தர, ஒரு சந்திரனின் உள்ளிருந்து சக்தி எடுக்கப் போகிறார்கள். எடுத்தால் அங்கே மனிதர் வாழ முடியாது. பெரும்பாலானோர் போய்விட்டார்கள். முல்லிபாக் என்ற கிழவர் போக மாட்டேன் என்கிறார். விண்வெளி நிலையத்தில் அதிகாரியாக இருக்கும் பஜோர்ப் பெண் மேஜர் கீரா அவரை வெளியேற்ற வருகிறாள். அவர் ஒரு சூளை கட்டிக்கொண்டிருக்கிறார். சண்டையில் அவருக்குக் காயம் படுகிறது. அவரைப் பார்த்துக்கொண்டே, மிச்சச் சூளையைக் கீரா தன் கையால் கட்டி முடிக்கிறாள். இதற்கு நடுவே, நிலையத்தில் ஜேக், நாக் என்ற இரண்டு பையன்கள் சாஸ் விற்று போல்ட் வாங்கி, போல்ட் விற்று நிலம் வாங்கும் வியாபாரம் ஒன்று. அதை அன்று நான் ஓட்டிவிட்டுத்தான் பார்த்தேன். நட்சத்திரம் போடவில்லை.

அழிபட வேண்டியது. 'டூயட்' அதே டேப்பில் இருந்ததால் தப்பியது. 'டூயட்' மேல் எதையும் பதிவு செய்ய எங்களில் ஒருவனுக்கும் மனம் வரவில்லை.

1995 ஒக்டோபர் கடைசியில், போரில், யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி, நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. கொழும்பில் இருந்த சித்தப்பா மூலம்தான் செய்தி வரும், அதுவும் நாலைந்து நாள் கழித்து. அப்பப்பா, அதாவது அப்பாவின் அப்பா, வர மறுத்துவிட்டார் என்றார்கள். புகையிலைக்கு நாற்றுமேடை போட்டிருந்தாராம். தண்ணீர் விட ஆள் இல்லாமல் நாற்று கருகிவிடும், நீங்கள் போங்கள், நான் பிறகு வருகிறேன் என்று வாசலில் இருந்துவிட்டாராம். கடைசியில் பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவன் அந்த மேடையைக் காலால் உழக்கி அழித்துவிட்டு, அவரைச் சைக்கிள் கரியரில் இருத்திக் கொண்டு போயிருக்கிறான்.

அதைக் கேட்ட அன்று காலை வேலையால் வந்து அந்த டேப்பைத் தேடி எடுத்தேன். தன் கையால் கட்டி முடித்த சூளையைக் கீரா தானே சுட்டு உடைப்பாள். வீட்டுக்குத் தீ வைப்பாள். கிழவரைத் தொட்டுத் தூக்க மாட்டாள், அவர் தங்கியிருக்க ஒரு காரணமும் மிச்சமில்லாமல் செய்வாள். அவர் அவளைப் பார்க்கும் பார்வையை 1993இல் நான் பார்க்கவே இல்லை. வேகமாக ஓட்டிவிட்டேன் போலும். அந்தப் பெடியன் மேல் எனக்கு அதுவரை இருந்த கோபம் அன்றைக்குத்தான் தணிந்தது.

'டூயட்' உங்கள் ஷீட்டில் பச்சையாக இருக்கும். இருக்கத்தான் வேண்டும். முதல் சீசன் முடியும் தறுவாயில் காசு மிச்சம் பிடிக்க எடுத்தது அது. புது செட் இல்லை, விண்கலச் சண்டை இல்லை. சிறை அறையில் ஒரு கைதி, வெளியே கீரா, அவ்வளவுதான். அந்தக் கைதி, பஜோரை ஆக்கிரமித்திருந்த கார்டாஸியர்களின் வதைமுகாம் ஒன்றில் இருந்தவன். யாராக இருந்தான் என்பதுதான் கதை, அதை நான் சொல்ல மாட்டேன். ஹாரிஸ் யூலின் நடிப்பை நீங்களே பாருங்கள். ஆனால் சில வாரத்துக்கு முன் ஒரு கிழவரின் வீட்டைக் கொளுத்திய கை அது என்று தெரிந்த பிறகு, கீரா அந்தச் சிறைக்கு வெளியே நிற்பதைப் பாருங்கள். இரண்டுக்கும் திரைக்கதை எழுதியது ஒரே ஆள், பீட்டர் ஆலன் ஃபீல்ட்ஸ். உங்களைக் கலங்க வைத்த 'தி இன்னர் லைட்'டிலும் அவர் கை இருக்கிறது.

---

நிலாச்சோறு:

சிவம் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு உடனே பதில் போட முடியவில்லை.

இருந்தாலும் புதுத் தொடர்கள் பக்கமும் யாராவது பேச வேண்டும். நான் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' வழியாக உள்ளே வந்தவள். சீசனுக்குப் பத்து. 2023இல் வந்த இரண்டாவது சீசனைப் பாருங்கள். பத்துக்குள் ஒரு நீதிமன்றக் கதை, போரில் மனம் சிதைந்த மருத்துவர் ம'பெங்காவின் கதை, கார்ட்டூன் தொடரிலிருந்து இரண்டு பேர் நேரில் வந்து குதிக்கும் கதை, எல்லோரும் பாட்டாகவே பேசும் கதை என்று எல்லாம் இருக்கிறது. ம'பெங்கா எபிசோடை எந்தக் காலத்து ஸ்டார் டிரெக்கோடும் தைரியமாகப் பக்கத்தில் வைப்பேன். வேலைக்குப் போய்வந்து வாரத்தில் இரண்டு மணி நேரம் மட்டும் மிஞ்சுகிற என் போன்றவர்களுக்கு 176 என்பது மலை.

அப்புறம், 26 எபிசோட் எடுத்தவர்களையும் நினைக்க வேண்டும். விடியுமுன் போய் ஒப்பனை நாற்காலியில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, பிறகு நாள் முழுக்க நடித்து, இதை வருஷத்தில் பெரும்பகுதி செய்தார்கள். அந்த உழைப்பை இன்று யாரிடமும் கேட்க எனக்கு மனம் வராது.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். பத்து என்றால் ஒவ்வொன்றும் விசேஷ நாளாகிவிடுகிறது. திருவிழா பத்து நாளும் பார்க்கிறோம், அந்த ஊர் சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று தெரிவதில்லை. கப்பலை ஓட்டும் ஓர்டெகாஸ் எனக்குப் பிடித்தமானவர். இரண்டு சீசன் முடிந்த பிறகும் அவர் யார், என்ன மாதிரி ஆள் என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பழைய தொடர் என்றால் இதற்குள் அவருக்கு நான்கு எபிசோடாவது கிடைத்திருக்கும்.

காத்திருப்பு வேறு. இரண்டாவது சீசனை 2023 ஆகஸ்ட்டில் பாதிச் சண்டையில் நிறுத்தினார்கள். மிச்சம் வந்தது 2025 ஜூலையில். நடுவில் நான் வீடு மாறிவிட்டேன், யார் எங்கே மாட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதே மறந்துபோனது. 1990இல் பிக்கார்டை 'போர்க்' என்ற பாதி இயந்திரக் கூட்டம் கொண்டுபோனபோது ஜூனிலிருந்து செப்டம்பர் வரைதான் காத்திருக்க வேண்டியிருந்ததாம்.

---

விண்மீன்_வேலன்:

சிவம் அண்ணா, 'ப்ராக்ரஸ்' நான் பார்த்திருக்கிறேன். போல்ட் வியாபாரம்தான் ஞாபகம் இருந்தது. இனி அப்படி ஞாபகம் இருக்காது.

ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த ஒன்று உங்களுக்குக் கிடைப்பதற்காக மற்றவர்கள் எத்தனை சுமாரானதைத் தாண்டி வர வேண்டும்? நான் 'வாயேஜர்' முடித்தபோது எனக்கு மிஞ்சியது அலுப்புதான்.

---

ஸ்காபரோ சிவம்:

தம்பி, நியாயமான கேள்வி. 'வாயேஜர்' நடந்ததை மறந்துவிடுகிற தொடர். நீ சொன்னபடி வாரா வாரம் அழித்து எழுதினார்கள். அப்படி எழுதினால் 172 எபிசோடும் ஒன்றோடொன்று ஒட்டாது, எவ்வளவு பார்த்தாலும் சேராது. அங்கே உனக்கு அலுத்ததில் தப்பே இல்லை, அந்தத் தொடருக்கு ஷீட் போட்டால் நான் சண்டைக்கு வர மாட்டேன். 'டீப் ஸ்பேஸ் நைன்' ஒரே இடத்தில் நிற்கும் நிலையம். கப்பல் மாதிரி அடுத்த வாரம் விட்டுவிட்டுப் போக முடியாது. செய்ததன் விளைவு மறுபடி கதவைத் தட்டும். அங்கே சுமாரான எபிசோடும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

'ப்ராக்ரஸ்'ஸுக்கும் 'டூயட்'டுக்கும் நடுவில் மூன்று இருக்கிறது. அதில் 'தி ஃபோர்ஸேகன்' என்று ஒன்று. ஓடோ என்ற காவல் அதிகாரி 16 மணி நேரத்துக்கு ஒருமுறை திரவமாகியே தீர வேண்டியவர். உடல் இளகுவதை இன்னொருவர் பார்ப்பது அவருக்குத் தாங்காது. அவரும், 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' கப்பலின் ஆலோசகர் டியானாவின் அம்மா லுவாக்ஸானாவும் பழுதான லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்வார்கள். அந்த அம்மாவை 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' முழுக்க ஒரு தொல்லையாகவே பார்த்திருப்போம். நேரம் நெருங்கி ஓடோ உருகத் தொடங்கும்போது, அந்த அம்மா எப்போதும் மாட்டியிருக்கும் பொய்முடியைக் கழற்றிக் காட்டுவார், பிறகு தன் பாவாடையைத் தொட்டில் மாதிரி ஏந்திப் பிடித்து, இதில் வந்து இரு என்பார். பெரிய எபிசோட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது, ஆஸ்பத்திரியில் தாதி உடை மாற்றிவிட்ட ஒருநாள் எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பாவாடைதான்.

நிலாச்சோறு தங்கச்சி சொன்ன உழைப்பு விஷயம் மறுக்க முடியாதது. 26 வேண்டாம். ஆனால் பத்துக்கும் 26க்கும் நடுவில் எண்களே இல்லையா? ஒரு 16 எடுக்கட்டும். ஓர்டெகாஸுக்கு அதில் ஒரு செவ்வாய்க்கிழமை கிடைக்கட்டும்.

---

மகிழ்அம்மா:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி. ஷீட் அனுப்பிய நண்பரிடம், இப்போதைக்கு இல்லாமலே பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டேன். அவர் வருத்தப்படவில்லை, எங்கே இருக்கிறீர்கள் என்று தினமும் கேட்கிறார்.

நேற்று 15ஆவது, 'ப்ராக்ரஸ்'. சிவம் அண்ணா எழுதியதை மகளிடம் சொல்லாமல்தான் பார்த்தேன். அவளுக்கு ரொம்பப் பிடித்தது நீங்கள் எல்லோரும் ஓட்டிவிட்ட போல்ட் வியாபாரம்! அந்த போல்ட் எதற்குப் பயன்படும் என்று விற்கிற பையன்களுக்கும் தெரியாது, கேட்கிறவர்களுக்கும் தெரியாது. விழுந்து விழுந்து சிரித்தாள். சூளை உடையும்போது சிரிப்பு நின்றது, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. படுக்கப் போய்விட்டாள்.

இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது, ஷூ லேஸ் கட்டிக்கொண்டே கேட்டாள்: "அவங்களேதானே கட்டிக் குடுத்தாங்க? உடைக்கணும்னு தெரிஞ்சேவா கட்டினாங்க?"

வேன் வந்துவிட்டது. சாயங்காலம் பேசலாம் என்றேன்.

இன்று இரவு 16ஆவது. ஷீட்டில் சிவப்பு.